காலிக் குழாயில் ஆறு கோடுகள்

மொரப்பூர் ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்காகக் காத்திருந்தபோது சவரியின் போன் வந்தது. சவரி, நம் கல்லூரி ஆய்வகத்து அற்புதமேரியின் தம்பி. பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் தக்காளி போடுகிறவர். அவர் என்னை அழைத்தால் வீட்டுக்கு ஒரு கூடை அனுப்பியிருக்கிறார் என்று பொருள். எனவே எடுத்ததும், "சவரி, இந்த வாட்டி கொஞ்சம் காயா குடுத்து அனுப்புங்க, போன வாட்டி வூடு வந்து சேரும்போதே ரசமாயிடுச்சு" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"செரிங்க சார். அக்கா போயிட்டாங்க."

எப்போது என்று கேட்டேன்.

"காலைல ஆறு மணிங்க," என்றார். பிறகு, "ஆறுன்னு டாக்டரு சொல்றாருங்க. ஆஸ்பத்திரி கடியாரத்துல ஆறு மூணு. என் போன்ல ஆறு ஒண்ணு. அக்கா இருந்திருந்தா மூணையும் எழுதி வைடான்னு சொல்லியிருக்கும்" என்றார். நான் சேலம் பயணத்தை விட்டுவிட்டுப் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

போன வாரம் நம் கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். மேடையில் வைத்திருந்த படம் அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. போட்டோக்காரர் "சிரிங்க மேடம்" என்று சொன்னதற்கு "எதுக்குங்க" என்று கேட்ட முகம் அதில் அப்படியே இருந்தது. முதல்வர் பேசினார். துறைத் தலைவர்கள் பேசினார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, "மேரி மேடம்னாலே எனக்கு விபூதிதான் ஞாபகம் வருது" என்று தொடங்கி, இயந்திரத்துக்குள் விபூதி விழுந்ததைக் கவனிக்காமல் விட்டு, ஆய்வுக்கு வந்த குழுவின் முன்னால் மேரி மேடம் கல்லூரியின் மானத்தை வாங்கிய பழைய கதையைச் சொன்னார். அரங்கம் சிரித்தது. அன்பாகத்தான் சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கதைக்கு எப்போதும் முதலில் சிரிக்கிறவன் நான்தான்.

அந்தக் கதையில் பிழை இருக்கிறது. வேலையில் இருந்த காலமெல்லாம் அளவுப் பிழைகளை விரட்டிக்கொண்டே இருந்த ஒருவரை, கவனக்குறைவானவர் என்று சொல்லிச் சிரித்து அனுப்பி வைத்திருக்கிறோம். அவருடைய பெயரில் ஒட்டிக்கொண்ட அந்தக் கறையைத் துடைக்கத்தான் இந்தக் கட்டுரை. நேராக விஷயத்துக்கு வர மாட்டேன். என்னிடம் வேதியியல் படித்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல.

முதலில் இயந்திரம். ஈ.பி.ஆர். என்று நாம் எல்லோரும் சொன்னோம். அட்டெண்டர் மாதையன் மட்டும் "ஈப்பியாரு" என்று ஒரு பெரிய மனிதரைச் சொல்வதுபோலச் சொல்வார். வேறெங்கோ ஓய்வு பெற்று, லாரியில் ஏறி, நம் கல்லூரிக்கு வந்த இயந்திரம் அது. ஒரு பொருளைப் பொடித்து மெல்லிய குழாயில் போட்டு, இரண்டு பெரிய காந்தங்களுக்கு நடுவே இருக்கும் உள்ளங்கையளவு உலோகப் பெட்டிக்குள் இறக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குக் கேவிட்டி என்று பெயர். பொடிக்குள் ஜோடி சேராமல் தனியாக நிற்கும் எலக்ட்ரான்கள் இருந்தால் அவை மைக்ரோவேவை விழுங்கும். கணினித் திரையில் கோடு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்து உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்லலாம். என்ன என்று சொல்வது சுலபம். எவ்வளவு என்று சொல்வதில்தான் ஊரில் உள்ள பிழை எல்லாம் வந்து உட்காரும். அந்த 'எவ்வளவு'க்குத் தொழில்நுட்ப உதவியாளராக வந்து சேர்ந்தவர் அற்புதமேரி. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. யாராவது அதைப் பற்றி வாயெடுத்தால், "ஜோடி இல்லாததுதாங்க சிக்னல் குடுக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் திரும்பிவிடுவார்.

அவர் நகப்பூச்சு பூசி நான் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய குழாய்கள் பூசியிருந்தன. ஒவ்வொரு குழாயின் மேல்நுனியிலும் சிவப்பாக ஒரு பொட்டு. குழாய் கண்ணுக்குத்தான் வட்டம். அதை உள்ளே இறக்கும்போது கொஞ்சம் திரும்பிப்போனாலும் கோட்டின் உயரம் மாறிவிடும். ஆகவே எந்தக் குழாயானாலும் பொட்டு ஒரே திசையைப் பார்த்தபடி இறங்க வேண்டும் என்பது அவர் சட்டம். அந்தத் திசை தற்செயலாகக் கிழக்காக அமைந்துவிட்டது. ஒரு நாள் தாளாளர் வந்து பார்த்துவிட்டு மகிழ்ந்துபோய், நம் ஆய்வகம் வாஸ்துப்படி இயங்குகிறது என்று விருந்தினர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். மேரி மேடம் அவரிடமே போய், "மேக்கால பாத்தாலும் செரிதாங்க ஐயா. மாறாம பாக்கணும், அவ்வளவுதான்" என்றார். தாளாளர் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த வாரம் ஆய்வகத்தின் ஈசான மூலையில் ஒரு செம்புத் தண்ணீர் வந்து உட்கார்ந்தது.

ஆய்வகத்தின் பின்சுவரை ஒட்டிப் பாலக்கோடு சாலை போகிறது என்பது உங்களுக்குத் தெரியும். காலையில் தக்காளி லாரிகள் வரிசையாகப் போகும். லாரி போனால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் கேவிட்டி அதிரும், திரையில் கோட்டுக்குப் பதிலாகப் புல் முளைத்ததுபோல் ஏதோ வரும். மற்றவர்கள் இயந்திரம் பழசு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். மேரி மேடம் காலையில் சவரிக்குப் போன் செய்து, "இன்னிக்கு மார்க்கெட்டுக்கு வரத்து எப்பிடிடா?" என்று கேட்பார். வரத்து அதிகம் என்றால் அளவெடுப்பு மத்தியானத்துக்குத் தள்ளிப்போகும். இயந்திரப் பதிவேட்டில் வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் 'தக்காளி' என்று ஒரு கட்டம் இருந்தது. புதிதாக வந்த ஒரு முதல்வர் அதைப் பார்த்துவிட்டு, ஆய்வகத்தில் சமைக்கிறார்கள் என்று நினைத்துச் சுற்றறிக்கை விட்டார்.

நான் அவரிடம் மாட்டிக்கொண்டது என் முனைவர் பட்டத்துக்காக. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் என்னென்ன ஏறியிருக்கிறது என்பது என் ஆராய்ச்சி. இண்டூரில் ஒரு பல் மருத்துவரைப் பழக்கம் பிடித்து, அவர் பிடுங்கும் பற்களையெல்லாம் சீசாவில் சேர்த்தேன். வீட்டில் அந்தச் சீசாக்களை வைக்க என் மனைவி அனுமதிக்கவில்லை. கல்லூரியில் என் மேசைமேல் வைத்தேன். அதற்குப் பிறகு என் அறையில் யாரும் டிபன் சாப்பிட வரவில்லை. கேட்டும் கேட்காமலும் பல் கொடுத்தவர்கள் உண்டு. மேரி மேடத்துக்குக் கடைவாய்ப் பல் எடுத்தபோது, மறுநாளே வீங்கிய கன்னத்தோடு வந்து ஒரு சின்ன உறையை என் மேசைமேல் வைத்தார். உறைமேல், 'வலது கீழ், கடைசிக்கு முந்தியது' என்று எழுதி, எடையும் போட்டிருந்தது. எடையை மூன்று தராசுகளில் பார்த்திருந்தார்.

முதல் நாள் ஒரு பல்லைப் பொடித்து எடுத்துப்போனேன். கோடு வந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"எங்கீங்க சார் போறீங்க?"

"ரீடிங் வந்துடுச்சே."

"ஒருக்கா வந்தா அது சேதிங்க சார். அஞ்சு தடவ வந்தாத்தான் ரீடிங்."

ஐந்து தடவை என்றால் ஐந்து தடவையும் குழாயை வெளியே எடுத்து, துடைத்து, பொட்டைக் கிழக்கே திருப்பி, அதே ஆழத்துக்கு இறக்க வேண்டும். நடுவில் மின்விசிறி ஓடக் கூடாது, காற்றில் கேவிட்டியின் சூடு மாறுமாம். சித்திரை மாதம். நான் வேர்த்து ஒழுகிக்கொண்டு, "கை விசிறியாவது வெச்சுக்கலாமா?" என்று கேட்டேன். "நீங்க வீசுறது விட்டு விட்டு வருங்க. அதுக்கு மின்விசிறியே தேவல" என்றார். சரி, அப்படியானால் மின்விசிறியைப் போடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். அந்த மனுஷியைப் பற்றி அன்று வீட்டில் போய் நான் சொன்னவற்றை நினைவஞ்சலியில் எழுத முடியாது.

எல்லா அளவுக்கும் முன்னால் இன்னொரு சடங்கு இருந்தது. முதலில் ஒன்றுமே போடாமல் காலிக் குழாயை இறக்கி அளக்க வேண்டும். காலிக் குழாயில் கோடு நேராக வந்தால்தான் அடுத்த வேலை. காலியாக இருப்பதை அளப்பதற்கு ஒரு மனிதனின் காலை நேரம் இவ்வளவு போக வேண்டுமா என்று எனக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் அவர் பக்கத்தில் நிற்கும்வரை செய்தேன். அப்படியே கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர்களில் ஆற்றுத் தண்ணீர் குடித்தவர்களின் பற்களை முதலில் அளந்து முடித்தோம். விசேஷமாக ஒன்றும் இல்லை. அடுத்தது இண்டூர்ப் பற்கள்.

அந்தச் சமயத்தில் ஆயுத பூசை வந்தது. நம் கல்லூரியில் அன்று எல்லா இயந்திரங்களுக்கும் விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம் உண்டு. ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஜெனரேட்டர்வரை மாதையன் யாரையும் விட்டுவைக்க மாட்டார். மேரி மேடம் கோயிலுக்குப் பதில் சர்ச்சுக்குப் போகிறவர் என்றாலும் இதற்கு ஒரு நாளும் குறுக்கே நின்றதில்லை. ஆனால் ஈ.பி.ஆருக்கு எங்கே பூசலாம் என்பதற்கு மட்டும் வரைபடம் வைத்திருந்தார். வோல்டேஜ் ஸ்டெபிலைசரின் முன்பக்கம் பூசலாம். காந்தத்துக்குப் பக்கத்தில் கூடாது. "சாமி எங்க வெச்சாலும் சாமிதானேம்மா" என்று மாதையன் ஒப்புக்கொண்டு, ஸ்டெபிலைசருக்கு மட்டும் பெரிய பட்டையாகப் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மேரி மேடத்தின் அம்மா கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இரண்டு வாரம் விடுப்பு. போகும்போது ஆய்வகச் சாவியை என் கையில் கொடுத்தார். "காலிக் குழாய மறந்துடாதீங்க சார்" என்று வாசல்வரை போய்த் திரும்பி வந்து சொன்னார்.

இனி எழுதப்போவதை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை. அன்று ஆய்வகத்தில் தனியாக நின்றேன். வழிகாட்டி நெருக்கிக்கொண்டிருந்தார், பல வருடமாக ஆராய்ச்சி இழுத்துக்கொண்டிருந்தது, கிருஷ்ணகிரிப் பற்கள் கைவிட்டுவிட்டன. ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். அங்கே பூசினால் கரண்ட் சீராக வரும். சிக்னல் நன்றாக வர வேண்டுமென்றால் சிக்னல் வருகிற இடத்திலல்லவா பூச வேண்டும் என்று தோன்றியது. வேதியியலில் இரண்டு பட்டம் வாங்கிய மூளைக்குத்தான் இது தோன்றியது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வைத்திருப்பேன். ஜவ்வாது கலந்த உயர்ந்த ரகம். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரல் எடுத்து, குழாய் இறங்கும் அந்தச் சின்ன வாயின் விளிம்பில் பூசினேன். விரலில் மிச்சம் இருந்ததையும் அங்கேயே தட்டினேன். பொடி உள்ளே உதிர்ந்திருக்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

காலிக் குழாயைப் போடவில்லை. சாமியே உள்ளே இருக்கும்போது காலிக் குழாய் எதற்கு? நேராக இண்டூர்ப் பல்லைப் போட்டேன். திரையில் ஆறு கோடுகள் வந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, அளவெடுத்த இடைவெளியில் ஆறு. மாங்கனீசுதான் அப்படி வரும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அடுத்த பல்லிலும் ஆறு. அதற்கடுத்ததிலும் ஆறு. ஐந்து தடவை பார்த்தேன், ஐந்து தடவையும் வந்தது. மேரி மேடத்தின் சட்டப்படியே அது ரீடிங்தான். ஆழ்துளைத் தண்ணீரிலிருந்து மாங்கனீசு பல்லில் ஏறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, அந்த அறையிலேயே ஒரு சுற்று நடந்தேன்.

இரண்டு வாரம் கழித்து வெளியூர்ப் பேராசிரியர்கள் மூவர் கல்லூரியை ஆய்வு செய்ய வருவதாக இருந்தது. தாளாளர் என் கண்டுபிடிப்பைக் கேட்டதும் என்னைக் கட்டிக்கொண்டார். ஆய்வக வாசலில் ஃபிளெக்ஸ் வந்தது. அதில் ஒரு பெரிய பல் சிரித்துக்கொண்டிருந்தது. பல்லுக்கே வாய் வைத்து, வாய்க்குள் பல் வரைந்திருந்தார்கள். தலைக்குமேல் கிரீடம்போல ஆறு கோடுகள்.

மேரி மேடம் விடுப்பு முடிந்து திரும்பியது குழு வரும் அன்று காலையில். ஃபிளெக்ஸைப் பார்த்தார். உள்ளே போய் இயந்திரத்தைச் சூடேற்றிவிட்டு, வழக்கம்போலக் காலிக் குழாயை இறக்கினார். சற்று நேரத்தில் என்னை அழைத்தார். திரையில் ஆறு கோடுகள் நின்றன.

"இது எந்தப் பல்லு?" என்று கேட்டேன்.

"பல்லே இல்லீங்க சார்."

என் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. அன்று லாரி எதுவும் போகவில்லை.

"மேடம், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுங்க. குழு போகட்டும். நாளைக்கு நானே சரி பண்ணிடறேன்," என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஊர்க்காரங்க பயந்துக்குவாங்க சார். தண்ணிய குடிக்காம என்ன பண்ணுவாங்க? நீங்களே குழுகிட்ட சொல்லிடுங்க. உங்க வாயால வந்தா கௌரவமா இருக்கும்."

குழு வந்தது. தலைவர் மதுரைப் பக்கத்துக்காரர், வயதான இயற்பியல் பேராசிரியர். தாளாளர், முதல்வர், துறைத் தலைவர்கள் என்று ஆய்வகம் நிறைந்துவிட்டது. நான் பத்து நிமிடம் பேசினேன். மாங்கனீசைப் பற்றிப் பேசினேன், மாவட்டத்தைப் பற்றிப் பேசினேன், சொல்ல வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் பேசினேன். மேரி மேடம் எனக்காகக் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. நான் தண்ணீர் குடித்தேன். தலைவர் "எங்கே, போட்டுக் காட்டுங்க பார்ப்போம்" என்றார். மேரி மேடம் ஒரு குழாயை எடுத்துத் துடைத்து, பொட்டைக் கிழக்கே திருப்பி இறக்கினார். ஆறு கோடுகள் வந்தன. தாளாளர் கைதட்டினார். கூடவே எல்லோரும் தட்டினார்கள்.

"அருமை. இது எந்த ஊர்ப் பல்லும்மா?" என்றார் தலைவர்.

"காலிக் குழாய்ங்க ஐயா."

கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. தாளாளருடைய கை கடைசி. மேரி மேடம் அவசரப்படாமல் கேவிட்டியின் வாயைத் திறந்து, பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டுத் துடைத்து எடுத்தார். பஞ்சில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. திரும்பவும் காலிக் குழாய். கோடு நேராகக் கிடந்தது. இண்டூர்ப் பல்லை எடுத்துப் போட்டார். அதிலும் ஆறு கோடுகள் இல்லை.

"என்னம்மா அது?"

"விபூதிங்க ஐயா. ஆயுத பூசைக்கு வெச்சது உள்ள விழுந்திருக்குதுங்க. மாங்கனீசு பல்லுல இல்ல, விபூதியிலதான்."

தலைவர் சிரித்துவிடாமல் இருக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார்: "இயந்திரத்தின் சுத்தம் யார் பொறுப்பு?"

"என் பொறுப்புங்க ஐயா."

நான் அங்கேயே, அவரிடமிருந்து இரண்டடி தள்ளி, நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. சட்டைப் பையில் அந்தப் பொட்டலம் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து கதை பரவியது. மாதையன்தான் பூசியிருப்பார், மேரிதான் கவனிக்காமல் விட்டிருப்பார் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். மாதையன் மட்டும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். யாரும் நம்பவில்லை. மேரி மேடத்துக்கு மெமோ கொடுத்தார்கள், வரவிருந்த பதவி உயர்வைக் கொடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை தொழில்நுட்ப உதவியாளராகவே இருந்தார். 'விபூதி மேரி' என்ற பெயர் மட்டும் வந்தது.

குழு வந்துபோய் இரண்டு நாள் கழித்து மேரி மேடம் நடைபாதையில் என்னை நிறுத்தினார். கையில் இரண்டு அச்சுத் தாள்கள்.

"சார், மாதையன் விபூதிய வாங்கி அளந்தேன். வூட்டுல சாணி எரிச்சு எடுக்கறாரு. அதுல இரும்புதான் தெரியுது, அகலமா ஒரு மேடு. நீங்க மேசைமேல மறந்து வெச்சுட்டுப் போன பொட்டலத்துலயும் கொஞ்சம் எடுத்து அளந்தேன். கேக்காம எடுத்தேன், தப்புதாங்க. அதுல சுத்தமா ஆறு கோடு. அஞ்சு தடவ பாத்துட்டேன்." பிறகு, "நீங்க பூசுறது சாம்பல் இல்லீங்க சார். சுண்ணாம்புக் கல்லு மாவு" என்றார்.

அந்த நிலைமையிலும் எனக்கு முதலில் கோபம் வந்தது கடைக்காரன்மேல்தான்.

"அன்னிக்கே என் பேரைச் சொல்லியிருக்கலாமே, மேடம்?"

"சுத்தம் யார் பொறுப்புன்னுதானே கேட்டாரு. சாவி என்னுது, உங்ககிட்ட குடுத்ததும் நான். அது உண்மைதானுங்களே. ஜவ்வாது வாசன அன்னிக்கே வந்துச்சு. வாசனைய வெச்சு ஒரு ஆளச் சொல்ல முடியுங்களா? இன்னிக்குத்தான் அளந்தேன்."

"இப்ப தெரிஞ்சுபோச்சே. இப்ப சொல்லுங்க."

"இப்ப நீங்க சொல்லணுங்க," என்றார். தாள்கள் இரண்டையும் என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் சொல்லவில்லை. முதலில் ஆய்வேடு முடியட்டும் என்று நினைத்தேன். இண்டூர்ப் பற்களை மறுபடி முதலிலிருந்து, காலிக் குழாயோடு, மேரி மேடமே கூட நின்று அளந்து கொடுத்தார். இரண்டு ஊர்ப் பற்களுக்கும் வித்தியாசம் எதுவும் இல்லை என்று நிரூபித்து முனைவர் ஆனவன் நான். பிறகு துறைத் தலைவர் பதவி வரட்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு, இத்தனை நாள் கழித்துச் சொன்னால் அசிங்கம் என்று தோன்றியது. அவர் ஒரு நாளும் நினைவூட்டவில்லை. சவரியின் தக்காளிக் கூடை மட்டும் தவறாமல் வந்தது.

மருத்துவமனையில் அவரைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணைக் கேட்டதும் மேரி மேடம், "இன்னொருக்கா பாரும்மா" என்றார். இன்னொரு முறை பார்த்ததும், "பட்டைய கழட்டிட்டு, திரும்பக் கட்டிப் பாரும்மா" என்றார். "மத்த பேஷண்டுங்கள யாருங்கம்மா பாக்கறது?" என்று நர்ஸ் என்னிடம் முறையிட்டார். நர்ஸ் போன பிறகு நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். "மேடம், அந்த விபூதி விஷயம். நான்தான். என்னை மன்னிச்சிடுங்க" என்றேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன நீண்ட பேச்சு அவ்வளவாகக் குறைந்துவிட்டது.

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "எனக்குத்தான் தெரியுங்களே சார். தெரிஞ்சவங்ககிட்டயே சொன்னா என்ன பிரயோஜனம்?" என்றார். பிறகு இயந்திரம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, மனம் லேசாகி, வழியில் இறங்கி டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். இரங்கல் கூட்டத்தில் அந்தக் கதைக்குச் சிரித்துவிட்டு வெளியே வந்தபோதுதான், அவர் சொன்னது என்னவென்று எனக்குப் புரிந்தது. தெரியாதவர்களிடம் போய்ச் சொல் என்றிருக்கிறார். அவர் இருக்கும்போதே செய்திருக்கலாம். செய்யவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அலுவலகத்துக்குப் போனேன். கண்காணிப்பாளர் ரஹீம் பாயிடம், விபூதி விவகாரத்தில் மேரி மேடத்துக்குக் கொடுத்த மெமோ வேண்டும் என்றேன்.

"அது அவங்க பர்சனல் ஃபைலுங்க சார். வேற ஆளுக்குக் குடுக்கறதுக்கு ரூல் இல்ல."

"வேற ஆள் இல்ல பாய். அது எனக்கு வந்த மெமோ. பேரு மட்டும் மாறிப்போச்சு."

ரஹீம் பாய் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அந்தக் கதையை அவரும் நூறு பேரிடம் சொன்னவர். பிறகு எழுந்துபோய், ஃபைலை எடுத்து, அவரே ஜெராக்ஸ் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

மேரி மேடம் கையெழுத்துப் போட்டது என்று இப்போது என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். இயந்திரத்தின் தூய்மையைப் பேணத் தவறியது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரும்படி அதில் கேட்டிருக்கிறார்கள். கீழே 'பெற்றுக்கொண்டேன், அற்புதமேரி' என்று உருண்டை உருண்டையாக அவர் கையெழுத்து. விளக்கம் மட்டும் ஃபைலில் இல்லை. பொய் எழுத அவருக்கு வராது. உண்மையை எழுதினால் என் பெயரை எழுத வேண்டியிருக்கும். அதனால் எழுதாமலே விட்டு, பதவி உயர்வையும் விட்டிருக்கிறார்.

அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று நாள் கெடு முடிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன, தாமதத்துக்கு வருந்துகிறேன். விபூதி வைத்தவன் நான். மதிப்பிற்குரிய முதல்வர் அவர்கள் இந்தக் கட்டுரையையே என் எழுத்து மூலமான விளக்கமாக ஏற்று, அந்த மெமோவில் அற்புதமேரி என்ற பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.